மின்மினி அட்டை: கரி பெயின்ட்டில் குழந்தைகளின் முதல் மின்சுற்று

மின்கடத்தும் பெயின்ட் கரித்தூள் கலந்தது. செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் மோசமான கடத்திதான். ஆனால் அதனால்தான் பாடம் நடத்த உதவுகிறது. கோட்டை நீட்டினால் விளக்கு மங்கும், அகலமாக்கினால் பளிச்சிடும். மின்சார ஓட்டத்துக்கு வரும் தடையைக் குழந்தை கண்ணாலேயே பார்க்கலாம்.

தேவையானவை: தண்ணீரில் கழுவக்கூடிய மின்கடத்தும் பெயின்ட் 10 மி.லி. டியூப், கெட்டியான அட்டை, 5 மி.மீ. சிவப்பு எல்இடி, 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரி, அலுமினியத் தாள், செலோடேப். வெள்ளை, நீல எல்இடி வேண்டாம். அவற்றுக்கே 3 வோல்ட் அளவு தேவை. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், பேட்டரியில் பெயின்ட்டுக்கென்று 1 வோல்ட் மிஞ்சும்.

பட்டன் பேட்டரியைப் பெரியவர்கள் கையிலேயே வைத்திருங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுவர் பிளக் பக்கம் இந்தப் பெயின்ட் போகவே கூடாது. இதையும் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் பென்சில். 1 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகளை மேலிருந்து கீழாக, பக்கத்துப் பக்கமாக, நடுவே 2 செ.மீ. விட்டு வரையுங்கள். இடது பட்டையின் அடியில் 1.5 செ.மீ. வட்டம், வலது பட்டையின் அடியில் அதே அளவு சதுரம். உள்ளே பெயின்ட்டைச் சீராகப் பூசி, நன்றாகக் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போது தடை அதிகம், அவசரப்பட்டுச் சோதித்தால் ஏமாற்றம்தான்.

எல்இடியின் கால்களை இருபுறமும் விரித்து, குட்டைக் கால் இடது பட்டையிலும் நெட்டைக் கால் வலது பட்டையிலும் படுமாறு பட்டைகளின் மேல்முனையில் வையுங்கள். ஒவ்வொரு காலும் 5 மி.மீ. நீளத்துக்கு மூழ்கும்படி பெயின்ட்டைக் குமிழாக விடுங்கள். இந்தக் குமிழ் காய ஒரு மணி நேரமாவது வேண்டும். பிறகு எல்இடியைச் சுற்றி மின்மினிக்குச் சிறகு வரையலாம்.

பேட்டரி வைக்கும் இடத்தில்தான் பலருக்கும் தவறு நடக்கிறது. பேட்டரியின் அகலமான முகம் மட்டுமல்ல, அதன் விளிம்பும் பிளஸ்தான். மைனஸ் முகத்தைக் கீழாக வட்டத்தில் வைக்கும்போது, வெளியே போகும் பட்டை அந்த விளிம்பில் பட்டுவிட்டால் மின்சாரம் எல்இடிக்குப் போகாமல் அங்கேயே சுற்றிவிடும். ஆகவே விளிம்புக்கு அடியில் வரும் பட்டையின் மேல் ஒரு சிறு செலோடேப்பை முன்பே ஒட்டிவிடுங்கள். பேட்டரியின் தலையில் 5 செ.மீ. நீள அலுமினியப் பட்டையின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனையைச் சதுரத்துக்கு மேலே தொடாமல் தூக்கி விடுங்கள். விரலால் அழுத்தினால் மின்மினி எரியும். அதுதான் சுவிட்ச்.

எரியவில்லையா? எல்இடியின் கால்கள் மாறியிருக்கலாம், அல்லது குமிழில் விரிசல் விட்டிருக்கலாம். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே பெயின்ட் தீற்றியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள்.

இனி கணக்கு. தயாரிப்பாளர்களில் ஒருவர் சொல்லும் அளவு, 50 மைக்ரான் (0.05 மி.மீ.) தடிமனில் ஒரு சதுரத்துக்கு 55 ஓம் (ஓம் என்பது தடையின் அலகு). இங்கே சதுரம் என்பது நீளமும் அகலமும் சமமான பட்டைத் துண்டு. நம் இரண்டு பட்டைகளிலும் சேர்த்துப் பத்துச் சதுரங்கள், எனவே 550 ஓம். மிஞ்சும் 1 வோல்ட்டை அதால் வகுத்தால் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய 2 மில்லியாம்ப். அடுத்த அட்டையில் அகலத்தைப் பாதியாக்கி, நீளத்தை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். நாற்பது சதுரம், நான்கு மடங்குத் தடை. எரிய விடுவதற்கு முன் எவ்வளவு மங்கும் என்று குழந்தையையே ஊகிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது அட்டையைச் சாதாரணக் கறுப்பு போஸ்டர் கலரில் போடுங்கள். பார்க்க அதே கறுப்புதான், விளக்கு எரியாது.