லினக்ஸ் சேர்வர்ல பாஸ்வேர்ட் காலாவதி: இத ஒருக்கா பாருங்க

கொழும்பு ஒபிஸுகள்ல சேர்வர் பாக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு முக்கியமான விஷயம். ஓடிட்ல 90 நாளைக்கு ஒருக்கா பாஸ்வேர்ட் மாறோணும் எண்டு சொன்ன உடன கனபேர் லொகின் டெஃப்ஸ் எண்ட செட்டிங் ஃபைல்ல 90 எண்டு மாத்திட்டு வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிறாங்க, ஆனா அது இனி புதுசா திறக்கிற எக்கவுண்டுகளுக்கு மட்டும்தான். ஏற்கனவே இருக்கிற ஆக்களுக்கு அனேகமா பழைய 99999 நாள்தான் இருக்கும், காலாவதியே இல்லாத மாதிரி.

அவங்களுக்கு சேஜ் கொமாண்ட் வேணும், எழுத்து சி எச் ஏ ஜி ஈ. சின்ன எல் போட்டா இப்போதைய நிலைமைய காட்டும், பெரிய எம் போட்டு 90 குடுத்தா ஆகக்கூடின நாள் செட் ஆகும். எம் போட முதல் கட்டாயம் எல் போட்டு பாருங்க! பாஸ்வேர்ட் விபரம் இருக்கிற ஷேடோ ஃபைல்ல கடைசியா பாஸ்வேர்ட் மாத்தின நாள் 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணி இருக்குது, கணக்கு அதில இருந்துதான் ஓடும், நீங்க கொமாண்ட் அடிச்ச நாள்ல இருந்து இல்ல. ஒருத்தர் ரெண்டு வருஷமா மாத்தாம இருந்தா அந்த நிமிஷமே காலாவதி, அது பெக்கப் எடுக்கிற எக்கவுண்டா இருந்தா ராத்திரி தானா ஓடுற கிரொன் வேலை சத்தமில்லாம நிண்டுரும், அதனால அப்பிடியான எக்கவுண்டுகளுக்கு எம்முக்கு மைனஸ் 1, அதாவது காலாவதி இல்ல எண்டு குடுத்து விட்டுருங்க.

பெரிய ஈ வேற, அது எக்கவுண்டையே பூட்டும். கொன்ட்ரெக்ட்ல வாற ஆக்களுக்கு முடியிற திகதிய அதில போடுங்க.