கொடுவாவுக்கு ஃபிளை வீசிப் பழகுவது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் முள்ளே இல்லாத தூண்டிலை வீசிக்கொண்டிருந்தால் வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிடும். "அண்ணா, என்ன மீனு?" என்று ஒரு பையன் கேட்டான். "மீன் இல்லப்பா, வீசிப் பழகுறேன்" என்றேன். அவன் நம்பவில்லை.

ஃபிளை என்பது முள்ளில் முடியும் நூலும் கட்டிச் செய்யும் பொய்யிரை. அதை வீசும் ஃபிளை தூண்டில் ட்ரவுட், சாமன் போன்ற குளிர்நீர் மீன்களுக்காக வளர்ந்த முறை. நம் மாநிலத்தில் ட்ரவுட் வேண்டுமென்றால் நீலகிரி ஏற வேண்டும். அவலாஞ்சியில் 1907-லேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. சாமன் நம் ஆறுகளில் கிடையாது. (கடையில் 'இந்தியன் சாமன்' என்று விற்பது நம்ம காலா!) ஆனால் அதே தூண்டிலுக்குக் கழிமுகத்தில் கொடுவா வரும்.

சாமான்கள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஃபிளைக்கு அவ்வளவாகக் கனம் இல்லை. தடித்த லைன்தான் கனம். அந்தக் கனத்துக்கு ஒரு எண் உண்டு; கழியும் லைனும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ட்ரவுட்டுக்கு 5 போதும், கொடுவாவுக்கு 8 வாங்குங்கள். 9 அடிக் கழி, மிதக்கும் லைன், அதன் நுனியில் 9 அடிக்குப் போகப்போக மெலியும் நைலான் நரம்பு. கடைசி ஒன்றரை அடிக்கு மட்டும் 40 பவுண்ட் நரம்பு கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மெல்லிய நரம்பை அறுத்துவிடும்.

முதலில் தரையில்

நுனியில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு. 30 அடி லைனை முன்னால் நேராகப் போடுங்கள். கழி நுனியைத் தாழ்த்தி, மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகம் கூட்டி, கட்டைவிரல் காதுக்கு நேரே வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள்.

அப்புறம் சும்மா இருங்கள். எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். லைன் பின்னால் பறந்து முழுசாக நீள வேண்டும். அதற்குள் கை பரபரக்கும். தலையைத் திருப்பிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நீண்டதும் முன்னால் தள்ளி, மறுபடியும் சட்டென்று நிறுத்துங்கள். நான் காத்திருக்காமல் வீசியபோது சாட்டை மாதிரி 'படீர்' என்று சத்தம் வந்தது. கம்பளி நூலைக் காணோம். நிஜ ஃபிளையும் அப்படித்தான் அறுந்து போகும். வீச்சுவலை போட்டுப் பழகியவர்கள் இடுப்பைச் சுழற்றுவார்கள், அதுவும் வேண்டாம்.

காலையிலேயே பழகுங்கள்; கடல்காற்று ஏறிவிட்டால் கஷ்டம். வலதுகைக்காரர் காற்றை இடது தோள் பக்கம் வைத்துக்கொண்டால் லைன் முகத்தில் அடிக்காது. தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

ஃபிளை கட்டுதல்

1987-ல் பாப் க்ளவுசர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய குட்டிமீன் வடிவம் போதும். அவர்கள் மான்வால் முடி வைப்பார்கள்; நமக்கு வெள்ளாட்டு முடி. கண்ணுக்கு, வாஷ்பேசின் மூடியில் தொங்கும் குண்டுமணிச் சங்கிலியில் இரண்டு மணியைச் சேர்த்து வெட்டி, முள் தண்டின் மேல்பக்கம் நூலால் இறுக்குங்கள். அந்தக் கனத்தில் முள் தண்ணீருக்குள் மல்லாந்து, முனை மேலே பார்க்கும். அலையாத்தி வேரில் அவ்வளவாக மாட்டாது. முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். ஒருநாள் அது உங்கள் காதிலேயே மாட்டலாம்.

தண்ணீரில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலம் ஆறு கலங்கலாக வரும். தை பிறந்ததும் போங்கள். கெடிலம் முகத்துவாரம், புதுச்சேரி என்றால் தேங்காய்த்திட்டுப் பக்கம். ஓதம் வடியும்போது சிறு ஓடைகளிலிருந்து பொடிமீன்கள் வெளியே வரும், ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். அந்த இடத்தைத் தாண்டி வீசி, கொஞ்சம் மூழ்கவிட்டு, இடது கையால் லைனை இழுங்கள்: இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, நிறுத்தம். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் 'டப்' என்று அடிக்கும்.

ட்ரவுட் கடித்தால் கழியைத் தூக்குவார்கள். இங்கே தூக்கினால் ஃபிளை மீன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். கழியைத் தண்ணீரை நோக்கியே வைத்து, லைனை மட்டும் கையால் வெடுக்கென்று இழுங்கள். மீன் துள்ளித் தலையை உதறும்போதும் லைன் தொய்யக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒருநாள் சோம்பல்பட்டு அப்படியே மாட்டிவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி அசையவே இல்லை.