ப்ளூஸ் கிதார் சோலோவில் டிமினிஷ்டு ஸ்கேல்: நான்காவது பாரில் தொடங்கும் வழி

ராயபுரத்திலும் பெரம்பூரிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலோ மெல்லிசைக் குழுக்களிலோ கார்டு பிடித்து வாசித்துப் பழகிய இளைஞர்கள் பலர், அடுத்த கட்டமாக ப்ளூஸ் சோலோ வாசிக்க விரும்பும்போது, கிதார் கழுத்தின் ஐந்தாவது ஃபிரெட்டில் (குறுக்கே பதித்த உலோகக் கோட்டில்) அமையும், ஐந்து சுரங்கள் கொண்ட ஏ மைனர் பெண்டடானிக் ஸ்கேலைத்தான் முதலில் கற்கிறார்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் கொஞ்ச காலம் வாசித்த பிறகு ஒரு குறை அவர்களுக்கே புலப்படுகிறது. பின்னணியில் கார்டு ஏ7இலிருந்து டி7க்கு மாறினாலும், சோலோவில் அந்த மாற்றம் கேட்பதில்லை; ப்ளூஸின் ஒரு சுற்றான பன்னிரண்டு பார்களும் (பார் என்பது நான்கு பீட் கொண்ட தாள அளவு) ஒரே நிறத்தில் ஓடிவிடுகின்றன. கார்டு மாறுவதற்குச் சற்று முன்பு காதில் ஓர் இறுக்கத்தை உண்டாக்கி, மாறும் கணத்தில் அதைத் தளர்த்திவிட்டால் அந்த மாற்றம் தெளிவாகக் கேட்கும். டிமினிஷ்டு ஸ்கேல் அதைத்தான் செய்கிறது.

இந்த விளக்கத்தைப் பின்தொடர, பெண்டடானிக் பெட்டியை, அதாவது அந்த ஸ்கேலின் விரல் இட வடிவத்தை, தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். தேவையான கோட்பாட்டை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

முதல் படி: வாசிக்க வேண்டிய இடம்

ஸ்கேலைக் கற்பதற்கு முன்பே அது பொருந்தும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரல்களுக்குப் பழகிவிட்ட ஸ்கேலை எல்லா இடத்திலும் வாசிக்கத் தோன்றும்; டிமினிஷ்டு ஸ்கேலை எல்லா இடத்திலும் வாசித்தால் அது பிழையாக மட்டுமே ஒலிக்கும்.

ஏ கீயில் பன்னிரண்டு பார் ப்ளூஸ் இப்படி அமைகிறது: 1 முதல் 4 வரை ஏ7, 5ஆவதும் 6ஆவதும் டி7, 7ஆவதும் 8ஆவதும் ஏ7, 9ஆவது ஈ7, 10ஆவது டி7, 11ஆவது ஏ7, 12ஆவது ஈ7. இதில் 4ஆவது பாரைக் கவனியுங்கள். முதல் மூன்று பார்களில் ஏ7 தன் வீட்டில் அமைதியாக இருக்கிறது. 4ஆவது பாரிலோ அதே ஏ7 அடுத்து வரும் டி7ஐ நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வை அழுத்திக் காட்டுவதற்கே இந்த ஸ்கேல் பயன்படுகிறது. 1951இல் பிறந்த அமெரிக்க கிதார் கலைஞர் ராபன் ஃபோர்டு இவ்வகைப் பயன்பாட்டிற்காக நன்கு அறியப்பட்டவர். அவருடைய சோலோக்களைக் கேட்கும்போது முதல் கார்டிலிருந்து நான்காம் கார்டுக்கு (ஏ கீயில் ஏ7இலிருந்து டி7க்கு) மாறும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது படி: ஸ்கேலின் அமைப்பு

ஏ சுரத்தில் தொடங்கி ஒரு ஃபிரெட், இரண்டு ஃபிரெட், மீண்டும் ஒரு ஃபிரெட், இரண்டு ஃபிரெட் என்று மாறி மாறி ஏறினால் எட்டு சுரங்கள் கிடைக்கும்: ஏ, பி ஃப்ளாட், சி, சி ஷார்ப், ஈ ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப், ஜி. இரண்டு ஃபிரெட்டில் தொடங்கி ஏறும் இன்னொரு வகையும் உண்டு; அது டிமினிஷ்டு கார்டின் மீது வாசிப்பதற்கானது. ஏ7 போன்ற டாமினன்ட் கார்டுக்கு ஒரு ஃபிரெட்டில் தொடங்கும் வகையே வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஏ7இன் மீது ஜி ஷார்ப் போன்ற பொருந்தாத சுரங்கள் வந்து விழும்.

எட்டு சுரங்கள் என்றதும் மலைக்க வேண்டாம். ஏ ப்ளூஸ் ஸ்கேலில் உள்ள ஏ, சி, டி, ஈ ஃப்ளாட், ஈ, ஜி ஆகிய ஆறு சுரங்களில் டியைத் தவிர மற்ற ஐந்தும் இதில் அப்படியே இருக்கின்றன. சி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் ஏ மேஜர் பெண்டடானிக்கிலேயே உள்ளவை. மேஜரையும் மைனரையும் கலந்து வாசிக்கும் ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் போன்றோரின் வாசிப்பில் அவற்றை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஆக, உண்மையிலேயே புதியது பி ஃப்ளாட் ஒன்றுதான். ஏ7இன் மீது அதை நீட்டி வாசித்துப் பார்த்தால், அது எங்காவது இறங்கத் துடிப்பதை உடனே உணரலாம்.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். ஏயை ஷட்ஜமமாகக் கொண்டால், 52ஆவது மேளமான ராமப்பிரியாவின் ஏழு சுரங்களோடு சாதாரண காந்தாரத்தையும் சேர்த்தது இந்த ஸ்கேல். இரண்டு காந்தாரங்களும் அருகருகே நிற்பதால் இதை ராகமாக எண்ணிப் பாட முயல வேண்டாம். சுர இடங்களை நினைவில் வைத்துக்கொள்வதற்கு மட்டும் இந்த ஒப்பீடு உதவும்.

மூன்றாவது படி: விரல் இடங்கள்

பழகிய பெண்டடானிக் பெட்டிக்குள்ளேயே, 4 முதல் 8 வரையுள்ள ஃபிரெட்டுகளில் முழு ஸ்கேலும் அடங்கிவிடுகிறது. தடித்த கம்பியான 6ஆவதிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை:

6ஆவது கம்பி: 5, 6, 8
5ஆவது கம்பி: 4, 6, 7
4ஆவது கம்பி: 4, 5, 7, 8
3ஆவது கம்பி: 5, 6, 8
2ஆவது கம்பி: 5, 7, 8
முதல் கம்பி: 5, 6, 8

5ஆவது, 4ஆவது கம்பிகளில் மட்டும் கை ஒரு ஃபிரெட் பின்வாங்க வேண்டியிருக்கும். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு பீட்டுக்கு ஒரு சுரமாக ஏறி இறங்குங்கள். இந்தப் பயிற்சியில் அதிக நாள் தங்க வேண்டாம். ஏறி இறங்குவது இசையாகிவிடாது. கீழே வரும் லிக்கில்தான், அதாவது சிறு இசைச் சொற்றொடரில்தான், உண்மையான பாடம் இருக்கிறது.

நான்காவது படி: முதல் லிக்

ஷஃபிள் தாளத்தில் ஒவ்வொரு பீட்டும் திஸ்ரமாக, ‘தகிட’ என்று மூன்றாகப் பிரியும். பீட்டுக்கு இரண்டு சுரம் வாசிக்கும்போது முதல் சுரம் ‘தகி’ அளவுக்கு நீளும். இரண்டாவது ‘ட’ அளவுக்குக் குறுகும். இந்த நடையில், 4ஆவது பாரின் நான்கு பீட்டுகளுக்கும் சேர்த்து எட்டு சுரங்களை மேலிருந்து கீழாக இறக்குங்கள்:

முதல் கம்பியில் 8, 6, 5. 2ஆவது கம்பியில் 8, 7, 5. 3ஆவது கம்பியில் 8, 6. அதன்பின் 5ஆவது பாரின் முதல் பீட்டில் 3ஆவது கம்பியின் 7ஆவது ஃபிரெட்.

8ஆவது ஃபிரெட்டுக்குச் சுண்டுவிரல், 7க்கு மோதிரவிரல், 6க்கு நடுவிரல், 5க்கு ஆள்காட்டி விரல் என்று வைத்துக்கொண்டால் கை நகரவே தேவையில்லை. ஸ்கேலின் எட்டு சுரங்களும் ஒருமுறை ஒலித்து முடியும்போது பாரும் முடிகிறது. கடைசிச் சுரமான சி ஷார்ப் ஒரு ஃபிரெட் மேலேறி டியில் சேர, அதே கணத்தில் பின்னணியில் டி7 வருகிறது. அந்த டியை அவசரமாகக் கடந்துவிடாமல், நிறுத்தி, கம்பியை விரலால் மெல்ல அசைத்து வைப்ராட்டோ கொடுங்கள். அது மிகச் சரியாக முதல் பீட்டில் விழுவது முக்கியம். அரை பீட் தாமதித்தால்கூட இறுக்கம் தளர்ந்த உணர்வு கேட்பவருக்குக் கிடைக்காது.

எட்டு சுரங்களும் வேகமாகத் தோன்றினால், 4ஆவது பாரின் முதல் பாதியில் வாசிக்காமல் இருந்துவிட்டு, மூன்றாவது பீட்டில் 2ஆவது கம்பியின் 7, 5, பிறகு 3ஆவது கம்பியின் 8, 6 ஆகிய நான்கை மட்டும் வாசித்து டியில் இறங்குங்கள். எனக்கு இந்தக் குறுகிய வடிவமே அதிகம் பிடிக்கும், ஏனெனில் அதற்கு முன்வரும் மௌனம் இறுக்கத்தைக் கூட்டுகிறது.

இது ஏன் இவ்வளவு இயல்பாக டி7இல் இறங்குகிறது என்று பார்ப்போம். டி7இன் சுரங்கள் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. நம் ஸ்கேலின் எட்டு சுரங்களில் ஏ, சி, எஃப் ஷார்ப் ஆகிய மூன்றும் அந்தக் கார்டிலேயே இருக்கின்றன. பி ஃப்ளாட் ஒரு ஃபிரெட் இறங்கினால் ஏ. ஈ ஃப்ளாட் ஒரு ஃபிரெட் இறங்கினால் டி. ஜி ஒரு ஃபிரெட் இறங்கினால் எஃப் ஷார்ப். சி ஷார்ப் ஏறினால் டி, இறங்கினால் சி. ஈ மட்டும்தான் இரண்டு ஃபிரெட் தள்ளி நிற்கிறது. எனவே எந்தச் சுரத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டாலும் வீடு பெரும்பாலும் அடுத்த ஃபிரெட்டிலேயே இருக்கிறது. இந்தப் பத்தியை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி வாசித்து, அதன் பக்கத்துச் சுரத்தில் இறங்கிப் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் ஏ7ஐ இரண்டு பார், டி7ஐ இரண்டு பார் வாசித்துப் பதிவு செய்துகொண்டு, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இந்தப் பயிற்சிக்குத் துணைக்கு ஆளே வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வசிப்பவர்கள் எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்பில் இணைக்காமலே இதைச் செய்யலாம்.

ஐந்தாவது படி: மூன்று ஃபிரெட் நகர்த்தல்

இந்த ஸ்கேலின் அழகே இந்தப் பண்பில்தான் இருக்கிறது. முதலில் ஒரு கார்டைப் பிடியுங்கள்: 4ஆவது கம்பியில் 5, 3ஆவது கம்பியில் 6, 2ஆவது கம்பியில் 5, முதல் கம்பியில் 6. இது சி ஷார்ப் டிமினிஷ்டு 7. இதே வடிவத்தை மூன்று ஃபிரெட் மேலே நகர்த்தி 8, 9, 8, 9 என்று பிடித்தாலும் அதே நான்கு சுரங்கள்தான் வரிசை மாறி ஒலிக்கும். இன்னும் மூன்று ஃபிரெட் நகர்த்தினாலும் அவையேதான். ஒன்றும் இரண்டுமாக மாறி மாறிச் செல்வதால் ஸ்கேலும் மூன்று ஃபிரெட்டுக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது. ஆகவே ஒரு சிறு வடிவத்தைக் கற்றால் கழுத்து முழுவதும் கற்றதாகிறது. உலகில் உள்ள பன்னிரண்டு தொடக்கச் சுரங்களுக்கும் சேர்த்து இத்தகைய ஸ்கேல்கள் மூன்றே மூன்றுதான். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான், இப்படிக் குறைந்த அளவே இடம்பெயரக்கூடிய ஸ்கேல்களைத் தொகுத்தபோது, இதை இரண்டாவதாக வைத்தார்.

இப்போது இரண்டாவது லிக். 4ஆவது பாரில் ஒவ்வொரு பீட்டுக்கும் ‘தகிட’ என்று மூன்று சுரங்கள்:

முதல் பீட்: 2ஆவது கம்பியில் 5, 8, முதல் கம்பியில் 6
இரண்டாவது பீட்: 2ஆவது கம்பியில் 8, 11, முதல் கம்பியில் 9
மூன்றாவது பீட்: 2ஆவது கம்பியில் 11, 14, முதல் கம்பியில் 12
நான்காவது பீட்: 2ஆவது கம்பியில் 14, 17, முதல் கம்பியில் 15

5ஆவது பாரின் முதல் பீட்டில் முதல் கம்பியின் 14ஆவது ஃபிரெட்டில், அதாவது டி7இன் மூன்றாம் சுரமான எஃப் ஷார்ப்பில் இறங்குங்கள். கை நகரும்போது ஆள்காட்டி விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தி இழுத்துச் செல்வது நல்லது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உள்ளவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் எஃகுக் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. துருவேறிய கம்பியில் இப்படி நகர்ந்தால் விரல் தடுக்கும். சுருதியும் ஃபிரெட்டுக்கு ஃபிரெட் விலகும். இந்த ஸ்கேலின் சுவை ஒரு ஃபிரெட் இடைவெளியின் துல்லியத்தில் இருப்பதால், சுருதி விலகிய கம்பியில் அது இறுக்கமாக இல்லாமல் அபசுரமாகவே கேட்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து, கிதாரை உறைக்குள் வைத்துவிடுங்கள்.

ஆறாவது படி: மற்ற பார்கள்

4ஆவது பார் கைக்கு வந்த பிறகே இதற்கு வாருங்கள். 6ஆவது பாரில் டி7க்குப் பதிலாக ஈ ஃப்ளாட் டிமினிஷ்டு 7 வாசிக்கும் வழக்கம் உண்டு. அப்போது பீட்டுக்கு ஒரு சுரமாக, முதல் கம்பியில் 8, 5, 2ஆவது கம்பியில் 7, 3ஆவது கம்பியில் 8 என்று இறங்கி, 7ஆவது பாரில் 2ஆவது கம்பியின் 5ஆவது ஃபிரெட்டில், அதாவது ஈயில் ஏறி நில்லுங்கள். இந்த நான்கு சுரங்களும் அந்தக் கார்டின் சுரங்களே. முழு ஸ்கேல் வேண்டுமென்றால், டியில் தொடங்கும் ஒரு ஃபிரெட் வகையும் ஈ ஃப்ளாட்டில் தொடங்கும் இரண்டு ஃபிரெட் வகையும் ஒரே சுரங்களைத் தருவதால், எதை நினைத்து வாசித்தாலும் சரியே.

12ஆவது பாரின் ஈ7, அடுத்த சுற்றின் ஏ7ஐ நோக்கிச் செல்கிறது. இது 4ஆவது பாரின் உறவேதான். எனவே முதல் லிக்கை ஏழு ஃபிரெட் மேலே நகர்த்தினால் போதும்: முதல் கம்பியில் 15, 13, 12. 2ஆவது கம்பியில் 15, 14, 12. 3ஆவது கம்பியில் 15, 13. இறங்கும் இடம் அதே கம்பியின் 14. ஏ7, டி7, ஈ7 மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு டிமினிஷ்டு ஸ்கேல்கள் வருவதால், ஒரு ப்ளூஸ் சுற்றுக்குள்ளேயே இருக்கும் மூன்றும் பயன்பட்டுவிடுகின்றன. ஆனால் ஒரே சுற்றில் மூன்று இடங்களிலும் வாசிக்க வேண்டாம். முதல் மூன்று பார்களில் எளிய பெண்டடானிக் வாக்கியம் ஒன்றைச் சொல்லி, அதையே சற்று மாற்றித் திரும்பச் சொன்ன பிறகு, 4ஆவது பாரில் மட்டும் இதைக் கொண்டுவந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பாடகரின் குரலுக்கேற்பக் கீ மாறும்போது, லிக்கை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஜி கீ என்றால் இரண்டு ஃபிரெட் கீழே. சி கீயில் மட்டும் ஒரு வசதி உண்டு. சியும் ஏயும் மூன்று ஃபிரெட் இடைவெளியில் இருப்பதால் இரண்டுக்கும் ஸ்கேல் ஒன்றே. எனவே முதல் லிக்கை நகர்த்தாமலே அதே இடத்தில் வாசித்துவிட்டு, கடைசி சி ஷார்ப்பிலிருந்து ஏறுவதற்குப் பதிலாக ஒரு ஃபிரெட் இறங்கி, 3ஆவது கம்பியின் 5ஆவது ஃபிரெட்டில் நில்லுங்கள். அங்கே ஒலிக்கும் சி, 5ஆவது பாரில் வரும் எஃப்7இன் ஐந்தாம் சுரம்.