ஃபேக்ஸ் சர்வரை ஈமெயில் சர்வர் மாதிரி நடத்தாதீர்கள்

"இந்தக் காலத்திலும் ஃபேக்ஸா?" என்று சிரிப்பவர்கள், அமெரிக்க கிளினிக்குகளுக்கு பில்லிங் செய்யும் சென்னை அலுவலகம் ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டாக்டர் ஆர்டர், பழைய மெடிக்கல் ரெக்கார்டு, இன்சூரன்ஸ் அப்பீல் எல்லாமே அங்கே இன்னும் ஃபேக்ஸில் ஓடுகிறது. மெஷின் முன்னால் யாரும் நிற்பதில்லை, அவ்வளவுதான். எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்புகிறார்கள், நடுவில் ஒரு ஃபேக்ஸ் சர்வர் அதை வாங்கி டயல் செய்கிறது. நான் பார்த்துக்கொள்வது ஹைலாஃபேக்ஸ். லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள், பழசு, ஆனால் உழைக்கும். சர்வர் சிகாகோ பக்கம், நான் இங்கே.

இத்தனை நாளில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசிக்கு ஒரே காரணம். பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஈமெயில் மாதிரி தெரிகிறது, ஆனால் ஃபேக்ஸ் என்பது ஒரு போன் கால். தகவலைச் சத்தமாக்கி அனுப்பும் இரண்டு மோடம்கள் லைனில் விசிலடித்துப் பேசிக்கொள்கின்றன. லைன் கெட்டால் எல்லாம் கெட்டது.

அதனால் முதல் தவறு லைனில்தான். அலுவலகம் முழுக்க இணையம் வழியாகப் பேசும் ஐ.பி. போனுக்கு மாறும்போது, ஃபேக்ஸ் லைனையும் அதே கணக்கில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பேச்சு நன்றாகத்தான் கேட்கும். ஏனென்றால் 20 மில்லிசெகண்ட் சத்தம் காணாமல் போனால் நம் காதுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். அதிலும் ஜி.729 மாதிரி பேச்சை நசுக்கி நொடிக்கு 8 கிலோபிட்டில் அனுப்பும் கோடெக் (குரலைத் தகவலாக மாற்றும் முறை) இருந்தால் ஃபேக்ஸ் போகவே போகாது. குறைந்தபட்சம் அவ்வளவு நசுக்காத ஜி.711 கோடெக் வேண்டும். அதுவும் ஒரு பக்கம், இரண்டு பக்கம் போகிற வரைக்கும் சரி, பன்னிரண்டு பக்க ரெக்கார்டு ஏழாம் பக்கத்தில் அறுந்து விழும்போது தெரியும் கதை. இதற்கென்றே இருப்பது டி.38. மோடத்தின் சத்தத்தை அப்படியே அனுப்பாமல், இந்த முனையில் அதைத் தகவலாகப் பிரித்து அனுப்பி, அந்த முனையில் மறுபடி சத்தமாக்கும் முறை. "எங்களிடம் டி.38 இருக்கிறது" என்று ப்ரொவைடர் சொன்னால் அதோடு விடாதீர்கள், அவர்கள் உங்கள் போன் காலை ஒப்படைக்கும் அடுத்த போன் கம்பெனியிடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் ஒரு இடத்தில் இல்லாவிட்டாலும் பழையபடி விசில்தான்.

எங்கே அடிபடுகிறது என்று தெரிந்துகொள்ள லாக் (நடந்ததை வரிவரியாக எழுதி வைக்கும் பதிவு) பார்க்க வேண்டும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஹைலாஃபேக்ஸ் ஒவ்வொரு காலுக்கும் தனியாக ஒரு லாக் எழுதி வைக்கிறது. நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஆரம்பித்து, 12,000, 9,600, 7,200 என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் 2,400-லும் எதிர் மோடம் ஒத்துவரவில்லை என்று அது கையை விரித்தால், மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, லைனைப் பாருங்கள். ஐ.பி. லைனில் நான் உச்ச வேகத்தை 9,600-க்குக் குறைத்து வைத்துவிடுவேன். மெதுவாகப் போனாலும் போய்ச் சேரும்.

இ.சி.எம். என்று ஒன்று இருக்கிறது, பிழையான துண்டுகளை மறுபடி கேட்டு வாங்கும் வசதி. மோசமான லைனில் அதை நிறுத்திவிட்டால் தோல்விகள் குறையும் என்று பலர் யோசனை சொல்வார்கள். குறையத்தான் செய்யும், பக்கத்தில் வரிகள் சிதைந்தபடி. மருந்துச் சீட்டில் ஒரு பூஜ்ஜியம் சிதைவதைவிட ஃபேக்ஸ் தோற்று மறுபடி போவதே மேல் என்பது என் கட்சி.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத ஒரு விஷயம், லெட்டர்ஹெட். ஃபேக்ஸில் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. "இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு" என்று எண்ணிச் சுருக்கித்தான் அனுப்புகிறது. வெறும் எழுத்துப் பக்கம் என்றால் வெள்ளை நிறைய, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். லெட்டர்ஹெட்டில் வெளிர்நீலப் பின்னணியும் மங்கலான லோகோவும் இருந்தால் அதெல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகளாக மாறும், சுருக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஃபைன் என்ற கூர்மையான தரத்தில் சுருக்காத ஒரு பக்கம் 14,400 வேகத்திலேயே நான்கு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரமும் லைன் தாக்குப்பிடிக்க வேண்டும், மற்ற ஃபேக்ஸ்கள் கியூவில் காத்திருக்க வேண்டும், ஒரு லைனில் ஒரு நேரத்தில் ஒரு கால்தானே. ஒரு கிளினிக்கில் கவர் பேஜை மட்டும் வெள்ளையில் கறுப்பாக மாற்றிக் கொடுத்தேன், "இன்னொரு லைன் வாங்கலாமா" என்ற பேச்சே நின்றுவிட்டது.

இப்போது நானே செய்த தவறு. சர்வரை அமைத்தபோது பழக்கதோஷத்தில் இந்திய நேரத்தை வைத்துவிட்டேன். பக்கத்தின் தலையில் தேதி, நேரம், அனுப்புபவர் பெயர், எண் எல்லாம் ஒரு வரியாக அச்சாகும். அமெரிக்காவில் இது அழகுக்கு இல்லை, விதிப்படியே வேண்டும். சில வாரம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் அப்பீலை, கெடுவின் கடைசி நாள் மாலை 4 மணிக்கு அனுப்பினார்கள். சிகாகோவில் குளிர்காலத்தில் மாலை 4 என்றால் இங்கே விடியற்காலை 3.30, அதாவது மறுநாள். தலையில் மறுநாள் தேதி. "தாமதம்" என்று திரும்பி வந்தது. சர்வர் லாக், போன் பில் எல்லாம் காட்டி அதைச் சரிக்கட்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. உங்கள் சர்வரிலிருந்து உங்களுக்கே ஒரு ஃபேக்ஸ் அனுப்பி அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள், இன்றைக்கே.

"ஃபேக்ஸ் போய்விட்டது" என்ற வார்த்தையும் ஆபத்தானது. கியூவில் ஏறினாலே போய்விட்டது என்று நினைத்து ஜன்னலை மூடிவிடுகிறார்கள். எதிர் மெஷின் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் அது போன கணக்கு. தோல்வி அறிவிப்பு யாருடைய மெயிலுக்குப் போகிறது என்று பாருங்கள், பல இடங்களில் வேலையை விட்டுப்போன ஒருவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தோற்றால் எத்தனை முறை மறுபடி அடிப்பது என்ற ரீட்ரை எண்ணிக்கையையும் தொட்டுப் பார்க்காமல் விடுவார்கள். முகவரிப் பட்டியலில் ஒரு எண் தவறாக ஏறி, அது யாரோ ஒருவர் வீட்டு எண்ணாக இருந்தால், அவர் போனை எடுக்க, இந்தப் பக்கம் "பீப்" என்று கத்த, அவர் வைக்க, சர்வர் சளைக்காமல் மறுபடி அடிக்கும். ராத்திரி என்றாலும் அடிக்கும். அவர் சபித்துவிட்டுப் போவது ஒருபுறம். அதே தவறான எண்ணில் நிஜமாகவே ஒரு ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் நோயாளியின் ரெக்கார்டு அந்நியர் கையில், அது நோயாளி தகவலின் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்தின் கீழ் பெரிய தலைவலி. புது எண் சேர்த்தால் இரண்டு பேர் பார்க்கட்டும், முதலில் வெறும் கவர் பேஜ் போகட்டும்.

வரும் ஃபேக்ஸ்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. அனுப்பும் மெஷின் சொல்லும் அடையாளத்தை வைத்து எந்தத் துறைக்கு என்று பிரிக்காதீர்கள். அது அவர்கள் கையால் தட்டி வைத்த 20 எழுத்து, பாதி பேர் காலியாக விட்டிருப்பார்கள், சிலரது மெஷினில் பழைய முதலாளியின் எண் இன்னும் இருக்கும். துறைக்கு ஒரு எண் வாங்கி, எந்த எண்ணுக்கு வந்தது என்று பார்த்துப் பிரித்து விடுங்கள். பெற்ற ஃபேக்ஸ்களை ஒரு கெடுவுக்குப் பின் தானாக அழிக்கும் வேலை சர்வரில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாவிட்டால் டிஸ்க் நிரம்பும், ஓடினால் நீங்கள் வேறெங்காவது எடுத்து வைப்பதற்கு முன்பே அழிந்துவிடலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்காக ஹைலாஃபேக்ஸின் வாசலான 4559 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பவர்கள். ஹைலாஃபேக்ஸ் பேசும் மொழி, கோப்பு அனுப்பப் பயன்பட்ட பழைய எஃப்.டி.பி. மாதிரிதான், பாஸ்வேர்டும் மறைக்கப்படாமல் போகும். வி.பி.என். (இணையத்துக்குள் மறைவான தனிப்பாதை) போட்டு அதற்குள்ளிருந்து வரச் சொல்லுங்கள், முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.