கிரவுண்டில் எடுத்த பிள்ளைகள் படத்தைப் போடும் முன் யாரிடம், எப்படிக் கேட்பது

போன வருஷம் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஃபுட்பால் மேட்ச். எங்கள் டீம் பையன் ஒருவன், 13 வயது, பெனால்டியைத் தவறவிட்டுவிட்டு ஜெர்சியை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டு நின்றான். கீழே இறக்கியபோது கண் சிவந்து மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது, பின்னால் ஏற்காட்டு மலை மழைக்கு முந்தின நீலத்தில் நிற்கிறது. நான் கிளிக் பண்ணினேன். நல்ல மனசோடுதான் "கலங்காதே தம்பி" என்று எழுதி டீம் பேஜில் போட்டேன். அன்று ராத்திரிக்குள் அந்த முகம் அவன் வகுப்பு வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் ஆகிவிட்டது.

இரண்டு வாரம் பையன் பிராக்டீஸுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் அம்மா வந்தார், துவைத்து இஸ்திரி போட்டு மடித்த ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க. "படம் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் கேட்காமல் எதையும் போடுவதில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதைத்தான் எழுதுகிறேன், உங்கள் கபடி டீமுக்கோ கிரிக்கெட் கோச்சிங்குக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், மேட்ச் அன்று கிரவுண்டில் வைத்துக் கேட்காதீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். பிள்ளையைச் சேர்க்கிற அன்றே, ஃபீஸ் ரசீதோடு சேர்த்து, தனியாகக் கேளுங்கள். அப்புறம், "ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிட்டு, யாரும் பதில் போடவில்லை, அதனால் சம்மதம் என்று வைத்துக்கொள்வது சம்மதமே இல்லை. சரி என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அல்லது எழுத வேண்டும்.

மொத்தமாக ஒரே கேள்வியாகவும் கேட்காதீர்கள். பெற்றோர் குரூப்பில் பகிர்வது வேறு, யார் வேண்டுமானாலும் பார்க்கிற இன்ஸ்டாகிராம் பேஜ் வேறு, ஐந்து ரோடு சந்திப்பில் ஃபிளெக்ஸ் அடித்து வைப்பது முற்றிலும் வேறு. நாங்கள் அனுப்புவது இதுதான்:

"வணக்கம். பயிற்சியிலும் மேட்சிலும் பிள்ளைகளைப் படம் எடுப்போம். உங்கள் பிள்ளை படத்தை (1) பெற்றோர் குரூப்பில், (2) டீம் பேஜில், (3) ஃபிளெக்ஸ், பத்திரிகையில் போடலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம் அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர் போட மாட்டோம். எப்போது வேண்டுமானாலும் மனசு மாற்றிக்கொள்ளலாம், அதற்காகப் பிள்ளையை விளையாட விடாமல் இருக்க மாட்டோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கோச் கோபித்துக்கொண்டால் பையனை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார் என்று பயந்தே பல பேர் தலையாட்டுகிறார்கள். தாத்தா பாட்டி கொண்டுவந்து விடும் பிள்ளைகள், ஹாஸ்டல் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமே போனில் பேசுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் சரி என்றாலும் பிள்ளையிடமும் கேளுங்கள். 13 வயதுக்கு அவமானம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். அந்தப் பையன் பிறகு திரும்பி வந்தான். "குரூப்ல போடுங்கண்ணா, பேஜ்ல வேண்டாம்" என்றான். அவன் பெயருக்கு நேரே அப்படியே குறித்திருக்கிறேன்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரங்களைக் கையாளும் அமைப்புகள் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதத்தை வாங்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அகாடமி நடத்துபவர்கள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

படம் எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை குரூப் போட்டோவிலிருந்து "நீ மட்டும் தள்ளி நில்லு" என்று ஒதுக்கிவிடாதீர்கள், அந்த வலி ஸ்டிக்கரைவிட மோசம். எல்லோரையும் சேர்த்து ஒன்று எடுத்து குரூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வேண்டாம் என்றவர் யாராவது இருந்தால் அந்த முகத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பேஜுக்கு, எல்லோரும் தோளில் கை போட்டு மலையைப் பார்த்து நிற்க, முதுகுப் பக்கமிருந்து ஒன்று. எங்கள் பேஜிலேயே அழகான படம் அதுதான். எதிர் டீம் பிள்ளைகளின் பெற்றோரிடம் நாம் கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் கோச்சிடம் கேளுங்கள், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். அழுகிற முகம், அடிபட்ட கால், நீச்சல் உடை, கபடிப் பிடியில் உடை விலகின படம் எதுவும் வேண்டாம், சம்மதம் இருந்தாலும்.

பெயர், பள்ளி, "தினமும் மாலை 5 மணிக்கு இங்கே பயிற்சி" என்ற பேனர், மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேறெதுவும் தேவையில்லை. ஆட்டம் நடக்கும்போதே போடாமல், எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள். போன் கேமராவில் லொகேஷனை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இடத் தகவல் கழன்றுவிடும், தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அது அப்படியே கூடப் போகும்.

போட்ட படத்தை யாராவது நீக்கச் சொன்னால் முதலில் நீக்கிவிடுங்கள், காரணத்தைப் பிறகு கேட்கலாம், கேட்காமலும் விடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் மற்றவர் போட்ட படத்தையும் அட்மின் எல்லோருக்குமாக அழிக்க முடியும், ஆனால் இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். படத்தை யாராவது அசிங்கமாகத் திருத்திப் பரப்பினால் கணக்கின் பெயர், லிங்க், தேதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அந்தப் படத்தை வேறு யாருக்கும் "பாருங்கள்" என்று அனுப்பாமல், சைபர் கிரைம் தேசியப் புகார் தளத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள்.