நானோ எடிட்டரில் புதியவர்கள் தவறுவது எங்கே?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் அன்றாட மல்லி விலையை ஒரு கோப்பில் எழுதி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் கட்டளைகளை அடிக்கும் திரையான டெர்மினலில், நானோ (nano) என்ற எளிய உரை எடிட்டரின் பெயரை அடித்து, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் திறக்கும். முதல் தவறு இங்கேயே நேரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், வேறு கோப்புறையில் நின்றாலும் வெற்றுத் திரைதான் வரும். போன மாத விலையெல்லாம் அழிந்துவிட்டதென்று பதறாதீர்கள். திரையின் அடியில் 'நியூ ஃபைல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெளியே வந்து பெயரைச் சரிபாருங்கள்; பழைய கோப்பு பத்திரமாகவே இருக்கும்.

அடியில் உள்ள இரண்டு வரிகளைப் படிக்காமல் விடுவதே பாதித் தொல்லைக்குக் காரணம். அங்கே எழுத்துக்கு முன்னால் வரும் கூரைக் குறிக்கு (^) கன்ட்ரோல் என்று பொருள். 'எம்' (M) எழுத்தும் ஒரு கோடும் வந்தால் ஆல்ட். பெரிய எழுத்தில் காட்டினாலும் ஷிஃப்ட் வேண்டாம்.

அதிகம் பேர் எழுதியதைப் பறிகொடுப்பது வெளியேறும்போதுதான். கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தியதும் நானோ கேட்பது 'வெளியேறவா?' என்றல்ல, 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று. 'வெளியேற வேண்டாம்' என்று நினைத்து 'என்' (N) எழுத்தைத் தட்டினால், கடைசியாகச் சேமித்த பிறகு எழுதியது அத்தனையும் போய்விடும், மீட்க வழியில்லை. சேமிக்க 'ஒய்' (Y) தட்டி, கோப்பின் பெயர் காட்டும்போது என்டர் அழுத்த வேண்டும். மனம் மாறினால் கன்ட்ரோல் சி.

விண்டோஸ் பழக்கமும் இடறும். எழுதும்போது கன்ட்ரோல் சி நகலெடுக்காது, கன்ட்ரோல் வி பக்கத்தைத்தான் நகர்த்தும். ஒரு வரியை வெட்டக் கன்ட்ரோல் கே, ஒட்டக் கன்ட்ரோல் யூ. அடுத்தடுத்து ஐந்து முறை கே அழுத்தினால் ஐந்து வரியும் சேர்ந்து நிற்கும். நடுவில் கர்சரை நகர்த்திவிட்டு மறுபடி வெட்டினால் முன்பு வெட்டியது மறைந்து, புதியது மட்டுமே மிஞ்சும். தவறிப்போனால் உடனே ஆல்ட் யூ, செய்ததைத் திருப்பிவிடும்.

சிஸ்டம் கோப்பைச் சுடோ (sudo, நிர்வாகி உரிமையுடன் இயக்கும் கட்டளை) இல்லாமல் திறந்து அரைமணி நேரம் திருத்தினால், சேமிக்கும்போது 'பெர்மிஷன் டினைடு' என்று மறுக்கும். எடிட்டரை மூடிவிடாதீர்கள். கன்ட்ரோல் ஓ அழுத்தி, உங்கள் ஹோம் கோப்புறைக்கு வேறு பெயரில் சேமித்து, பிறகு சுடோவுடன் நகலெடுங்கள்.

தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும்போது இணைப்பு அறுந்தால், நானோ பெரும்பாலும் பெயரின் பின்னால் '.சேவ்' (.save) என்று ஒட்டிய கோப்பில் எழுதியதைப் போட்டு வைக்கும், அதைத் தேடுங்கள். உங்கள் கணினியிலேயே எழுதும்போது கரண்ட் போய் அது அணைந்தால் அந்தக் கோப்பு உருவாகாது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பத்து வரிக்கு ஒருமுறை கன்ட்ரோல் ஓ, என்டர் என்று சேமித்துக்கொண்டே போங்கள்.