பரிணாம விளையாட்டில் ஒரே உயிரினம் திரையை நிரப்பாமல் தடுப்பது எப்படி?

உங்கள் உயிரிகள் நகரவும் உண்ணவும் இனம் பெருக்கவும் நிரல் எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். விளையாட்டு உருவாக்கும் எந்த எஞ்சின் மென்பொருளும் போதும். நான் விரும்புவது கோடாட்.

படி 1: ஒவ்வொரு பண்புக்கும் ஆற்றல் செலவு வையுங்கள். வேகத்திற்கான செலவு அதன் வர்க்கத்தோடு கூடட்டும். வேகம் இரு மடங்கானால் செலவு நான்கு மடங்காகும். பார்வைத் தூரத்திற்கு நேர்விகிதச் செலவே போதும்.

படி 2: உணவு தீரக்கூடியதாக இருக்க வேண்டும். நெட்லோகோ என்ற உருவகப்படுத்தல் மென்பொருளுடன் வரும் ஓநாய்–ஆடு மாதிரியை ஓட்டிப் பாருங்கள். புல்லைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் ஏதேனும் ஓர் இனம் அழிந்துவிடும். மேய்ந்த புல் மீண்டும் முளைக்க நேரமெடுக்கும் என்று வைத்தால் மூன்றும் ஏறி இறங்கி நீடிக்கும்.

படி 3: அரிதாக இருப்பதற்குப் பலன் கொடுங்கள். பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், ஏனெனில் முதலிரண்டு படிகள் சமநிலையைத் தருமே தவிர வகைமையைத் தராது. செலவுக்கும் வரவுக்கும் பொருந்திய ஒரே உடலமைப்பில் எல்லா உயிரிகளும் போய் நின்றுவிடும். வேட்டை உயிரி இரையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு நிறத்தின் எண்ணிக்கையையும் வர்க்கப்படுத்தி, அந்த நிறம் தேர்வாகும் வாய்ப்பின் எடையாகக் கொள்ளுங்கள். பச்சை 80, பழுப்பு 20 என்றால் எடைகள் 6400, 400. இவற்றை அந்தந்த எண்ணிக்கையால் வகுத்தால் 80, 20. அதாவது தனியொரு பச்சை உயிரிக்குள்ள ஆபத்து பழுப்பைவிட நான்கு மடங்கு. பழுப்பு பெருகப் பெருக அந்தச் சாதகம் தானாகவே கரையும். இயற்கையிலும் இதற்கு உறவான ஒன்று உண்டு: கலிபோர்னியாவின் ஒருவகைப் பல்லியில் ஆரஞ்சு, நீலம், மஞ்சள் தொண்டையுள்ள ஆண்கள் ஒன்றையொன்று சுழற்சியாக வெல்வதை 1996இல் சினெர்வோவும் லைவ்லியும் வெளியிட்டனர்.

பின்தங்கும் இனத்துக்கு மறைமுகமாக உயிர்ப்புள்ளி கூட்டும் தந்திரம் எனக்குப் பிடிக்காது. ஆடுபவர் அதைக் கண்டுபிடித்த கணமே தம் முடிவுகளுக்குப் பொருளில்லை என்று உணர்ந்துவிடுவார்.

படி 4: விளையாட்டின் நிலப்பரப்பைக் குறுகிய கணவாயால் இணைந்த இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உணவு முளைக்கும் வேகத்தை மாற்றுங்கள்.

படி 5: அழகான வரைகலைக்கு முன் தலைமுறைதோறும் இனவாரி எண்ணிக்கையைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில் எழுதி, லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் வரைபடமாகப் பாருங்கள். சமவாய்ப்பு எண்ணின் சீட் மதிப்பை, அதாவது அந்த எண்வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை, நிலைப்படுத்தி, ஒரு நேரத்தில் ஓர் அளவுருவை மட்டும் மாற்றுங்கள். பிறகு வேறு சீட்களிலும் அதே போக்கு வருகிறதா என்று சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: மூன்றாம் படிக்குப் பிறகும் அரிய நிறம் அழிந்துபோவதாகச் சிலர் எழுதியிருந்தனர். மொத்த எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தற்செயலே அதைத் துடைத்துவிடும். நிலப்பரப்பைப் பெரிதாக்குங்கள், அல்லது அவ்வப்போது ஓரிரு உயிரிகள் எல்லைக்கு வெளியிலிருந்து குடியேறட்டும்.